கோணமடை ஊரின் கவலைக்கம்பு

கோணமடைக்காரர்களை முட்டாள்கள் என்று என் வாயால் சொல்லமாட்டேன். என் தங்கச்சியை அந்த ஊரில்தான் கட்டிக்கொடுத்திருக்கிறோம். நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுக்கு அங்கே போய் நிற்கவேண்டும். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், பேரை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஊரில் இருபத்து மூன்று வீடு, ஒரு குளம், ஒரு மடை. முன்பு ஒரு காலத்தில் இருபத்து மூன்று பேரும் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு பக்கம் வாய்க்காலை வெட்டிவிட, ஒருத்தர் வயலும் நனையாமல், குளத்துத் தண்ணீர் பூராவும் பக்கத்து ஊர்ச் சுடுகாட்டில் போய்ப் பாய்ந்தது. அதற்குப் பிறகுதான் முறை வைத்தார்கள். ஒரு கம்பு செய்தார்கள். கம்பு யார் வயலில் ஊன்றியிருக்கிறதோ அன்றைக்குப் பொழுது அடையும்வரை தண்ணீர் அவருக்கு. மறுநாள் கம்பு அடுத்த ஆளுக்குப் போகும். முறை தப்பி மடையைத் திறந்தவனுக்கு அடுத்த முறை கிடையாது. இதையெல்லாம் கண்காணிக்க நீர்பாய்ச்சி என்று ஒரு ஆள், இசக்கிப்பாண்டி.

அந்த ஊரில் ஒழுங்காக நடந்த காரியம் இது ஒன்றுதான். அதனால் உலகத்தில் எந்தச் சிக்கலுக்கும் முறை போட்டால் தீர்ந்துவிடும் என்று அவர்களுக்கு ஒரு எண்ணம் விழுந்துவிட்டது. ஒருதடவை ஊருக்கே இருமல் வந்தபோது அதற்கும் முறை போட்டுப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் முறையில்லாமல் பதினோரு பேர் இருமிவிட்டதால் அதைக் கைவிட்டார்கள்.

போன ஐப்பசியில் பன்னிரண்டு நாள் மழை தள்ளிப்போனது. ஊரே கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்துவிட்டது. ஒரே மத்தியானத்தில் இருபத்து மூன்று வீட்டிலும் உலையில் சோறு தீய்ந்தது. அன்றைக்குப் பார்த்து ஒரு ஆட்டு வியாபாரி வந்தான். விலை கேட்டால் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை, எல்லாரும் வானத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். எரிச்சலில் அவன், "ஏன்யா, வரப்போறது ஒரு மழை. அதுக்கு ஊரே உக்காந்து கவலைப்படணுமா? முறை வச்சுப் படுங்களேன்" என்று சொல்லிவிட்டு ஆட்டையும் வாங்காமல் போய்விட்டான்.

நாட்டாமை சிவனணைஞ்சான் அன்றைக்குச் சாயங்காலமே குளத்தங்கரையில் கூட்டம் போட்டார்.

"யாவாரி சொன்னதுல ஞாயம் இருக்கு. ஒரு மழைக்கு ஒரு கவலை போதும். நாம இருபத்து மூணு பட்டிருக்கோம். இருபத்திரெண்டு வீண்."

"வீணான கவலையெல்லாம் எங்க போயிருக்கும்?" என்று கேட்டான் வெயிலுமுத்து. பிறந்ததிலிருந்து ஒருநாளும் கவலைப்படாதவன் அவன். ஊரே கன்னத்தில் கை வைத்தபோது, தனியாக உட்கார்ந்திருந்தால் நன்றாயிருக்காதே என்று தானும் வைத்தவன்.

"பக்கத்து ஊர்ச் சுடுகாட்டுக்குத்தான்" என்றார் இசக்கிப்பாண்டி, அனுபவப்பட்டவராக.

"ராத்திரிக்கு என்ன செய்ய?" என்று ஒருத்தர் கேட்டார்.

"பொழுது அடைஞ்சதும் மடையை அடைக்கோம்லா. அதுமாதிரி கவலையையும் அடைச்சிரணும்" என்றார் நாட்டாமை. "முறை இல்லாதவன் கவலைப்பட்டா அது களவு. அடுத்த முறையைப் பறிச்சிருவோம்."

தண்ணீருக்கும் கவலைக்கும் ஒரே கம்பு என்றால் கம்புக்கே குழப்பம் வரும் என்று, பூவரசங்கிளையில் தனியாக ஒரு கவலைக்கம்பு சீவினார்கள். இரண்டாம் நாளே மழை பெய்தது. அன்றைக்கு முறைக்காரராக இருந்த அணைஞ்சபெருமாள், 'என் கவலைக்கு வந்த மழை' என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

மழை வந்த பிறகும் கம்பு நிற்கவில்லை, ஊரில் எந்தக் கவலைக்கும் அதுவே முறை என்று ஆகிவிட்டது. இதில் வசமாக மாட்டிக்கொண்டவர் மாசானம். மாசானம் பரம்பரைக் கவலைக்காரர். அவருடைய அப்பா, மழை பெய்தால் கரை உடையுமே என்றும் வெயில் அடித்தால் கிணறு வற்றுமே என்றும் கவலைப்பட்டு, இரண்டும் இல்லாத மாசியில் இப்படி ஒன்றுமில்லாமல் இருக்கிறதே என்று கவலைப்பட்டவர். மாசானம் அவருக்கு ஒரு படி மேல். கஞ்சியைக் குடித்தால் விக்குமோ என்று கவலை, விக்காவிட்டால் தொண்டையில் உணர்ச்சி போய்விட்டதோ என்று கவலை. அப்பேர்ப்பட்ட மனுஷனுடைய வீடு தெருவில் கடைசி வீடு. தண்ணீரில் கடைமடைக்கு என்ன கதியோ அதுதான் இங்கேயும். அவர் முறை இருபத்து மூன்றாம் நாள்.

அதுவரை எப்படிப் பொறுப்பது? மாசானம் ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரு கவலை வந்தால் படாமல் தோள் துண்டில் ஒரு முடிச்சு போட்டுக்கொள்வது. தன் முறை வந்ததும் அவிழ்த்து அவிழ்த்து வரிசையாகப் பட்டுக்கொள்ளலாம். முதல்நாள் ஒன்பது முடிச்சு விழுந்தது. பத்தாம் நாள் துண்டு ஒரு சாண் நீளத்துக்குச் சுருண்டு, தேங்காய் போலத் தோளில் உருண்டுகொண்டு இருந்தது. அவருடைய பெண்சாதி சுடலைவடிவு வேறொரு துண்டு எடுத்துக் கொடுத்தாள்.

"இதுலயாவது முகம் துடைக்க ஒரு ஓரம் விடுங்க" என்றாள்.

பதினைந்தாம் நாள் வெயிலுமுத்துவின் முறை. அன்றைக்கு விடியக்காலையில் மாசானத்தின் தொழுவம் காலியாகக் கிடந்தது. வெள்ளையம்மாவைக் காணவில்லை.

வெள்ளையம்மா என்றால் அவர்களுடைய எருமை. நல்ல அட்டைக்கறுப்பு. ஊரில் எல்லா எருமையும் கறுப்பாக இருந்ததால், தன்னுடையதுக்கு அடையாளம் இருக்கட்டும் என்று மாசானம் அந்தப் பேரை வைத்தார். நிறைசினை, தலையீத்து, இன்றைக்கோ நாளைக்கோ என்று இருந்தது. நிலம் ஒரு துண்டு, அதுவும் கடைமடை. வீட்டில் அடுப்பு எரிவது இனி அந்த எருமையின் பாலை நம்பித்தான். வடிவு தலையை அள்ளி முடிந்துகொண்டு மேற்குக் காட்டுப் பக்கம் ஓடினாள். மாசானம் துண்டைக் கையில் எடுத்தார். முடிச்சு போட இடமில்லை. கவலை வெளியே தெரியாதபடி முகத்தை முடிந்தமட்டும் சிரித்தமாதிரி வைத்துக்கொண்டு வெயிலுமுத்து வீட்டுக்கு நடந்தார். வழியில் இசக்கிப்பாண்டி, "என்னவே, சந்தோஷமாப் போறீரு" என்று கேட்டதற்கு, "ஆமா, எருமையைக் காணோம்" என்று பல்லைக் காட்டினார்.

வெயிலுமுத்து கவலைக்கம்பை மடியில் வைத்துக்கொண்டு கடலைக்காய் உரித்துத் தின்றுகொண்டிருந்தான்.

"தம்பி, வெள்ளையம்மாவைக் காணோம். நீ கொஞ்சம் கவலைப்படணும்."

"அதுக்கென்ன அண்ணாச்சி, பட்டுருவோம்" என்று இன்னொரு கடலையை உடைத்தான்.

மாசானம் எதிரே உட்கார்ந்து பார்த்தார். நெற்றியில் ஒரு சுருக்கம் விழவில்லை. "பட்டுட்டியா?"

"பட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். எருமையைக் காணோம். அவ்வளவுதானே?"

"அவ்வளவு இல்ல தம்பி. நிறைசினையா இருக்கா. ஓடையில கால் வழுக்கி விழுந்திருந்தா? கன்னு குறுக்கே திரும்பியிருந்தா? நரி சுத்தியிருந்தா?"

"இவ்வளவும் பாவம் ஒரே எருமைக்கா?" என்றான் வெயிலுமுத்து. "ஏதாவது ஒண்ணைச் சொல்லுங்க, அதைப் படுதேன்."

மாசானத்துக்குப் பொறுக்கவில்லை. தன் வீட்டு எருமைக்கு இப்படி ஒரு அரைகுறைக் கவலையா என்று வயிறு எரிந்தது. "இந்தா பாரு, முதல்ல கையை இப்படிக் கன்னத்துல வை. கண்ணு தரையைப் பார்க்கணும், ஆனா தரையைப் பார்க்கக்கூடாது. மூச்சை உள்ள இழு, அங்கேயே வை. இப்ப மனசுக்குள்ள, 'ஐயோ, நேத்துக் கயித்தை இறுக்கிக் கட்டியிருக்கலாமே'ன்னு சொல்லு. சொல்லிட்டு, 'இறுக்கிக் கட்டியிருந்தா கழுத்து இறுகியிருக்குமே'ன்னு சொல்லு. ரெண்டுக்கும் நடுவுல போய்ட்டு வந்துக்கிட்டே இருக்கணும்." சொல்லிக்கொடுக்கும் வேகத்தில் அவர் நிஜமாகவே போய்ட்டு வந்துகொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. பதினைந்து நாள் அடைத்து வைத்திருந்த மடையல்லவா.

வெயிலுமுத்து கடலையைக் கீழே வைத்தான். வாழ்க்கையில் முதல்தடவையாக அவன் நெற்றியில் ஒரு சுருக்கம் விழுந்தது. "அண்ணாச்சி, எனக்கு ஒரு மாதிரி வருதே" என்றான்.

"அதுதான். அதை விட்டுராதே."

அந்த நேரம் வாசலில் நிழல் விழுந்தது. இசக்கிப்பாண்டி நின்றுகொண்டிருந்தார். அவர் மாசானத்தின் நெற்றியை விரலால் தொட்டுப் பார்த்து, சுருக்கங்களை எண்ணி, "மூணு. ஈரம் வேற. கள்ளக்கவலை, கையும் களவுமா" என்றார்.

ஊர் கூடிவிட்டது. சிவனணைஞ்சான் மடைக்கல்லில் உட்கார்ந்து விசாரித்தார்.

"முறை இல்லாத நாள்ல கவலைப்பட்டீரா?"

"சொல்லிக்கொடுக்கத்தான் பட்டேன், நாட்டாமை."

"எவ்வளவு நேரம்?"

"ஒரு வெத்தலை போட்டுத் துப்புற நேரம்."

"கொட்டைப்பாக்கு வச்சா, சீவல் வச்சா?" என்று கூட்டத்தில் ஒருத்தர் கேட்டார். கொட்டைப்பாக்கு என்றால் மெல்ல நேரம் ஆகும் என்பதால் அது நியாயமான கேள்விதான் என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். அதைப்பற்றிக் கொஞ்ச நேரம் பேசினார்கள்.

வெயிலுமுத்து குறுக்கே வந்தான். அவன் முகம் ஒரு மணி நேரத்தில் பத்து வயது கூடியிருந்தது. "நாட்டாமை, பாதி நாள் ஓடிப்போச்சு. கன்னு குறுக்கே திரும்பியிருக்குமோன்னு எனக்குக் குலை நடுங்குது. நீங்க என்னடான்னா பாக்கைப் பத்திப் பேசுதீக."

சுடலைவடிவு அப்போதுதான் முள்ளில் கிழிந்த சேலையோடு கூட்டத்துக்குள் வந்தாள். "மேற்குக் காடு பூராவும் நான் தேடிட்டேன். குளத்துப்பக்கம் யாராவது போய்த் தேடினீங்களா?"

நாட்டாமை தொண்டையைச் செருமினார். "தேடுறதுக்கு இன்னும் கம்பு செய்யலையேம்மா."

"கம்பு எதுக்கு? கால் இருக்குல்ல?"

"அப்படிச் சொல்லாத. கவலையில்லாம யாரு தேடுவா? தேடப் போனா கவலை வந்துரும். வந்தா களவாயிரும். ஊருக்கே முறை போயிரும்."

இதைப்பற்றி ஒரு நாழிகை விவாதம் நடந்தது. கவலையில்லாமல் தேடினால் அது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்ததில், உலாத்துவது போல இருக்கும் என்று முடிவுக்கு வந்தார்கள். ஆகவே ஊரே உலாத்தப் போவது, போகிற வழியில் எருமை தென்பட்டால் கண்டுகொள்வது என்று தீர்மானம் ஆனது. எருமையின் பேரைச் சொல்லிக் கூப்பிடக்கூடாது. அழுகிற குரல் வந்துவிடும். யாருக்காவது பயம் வந்தால் ஒரு பாட்டை எடுத்துவிடவேண்டும்.

அப்படியே கிளம்பினார்கள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "காத்து நல்லா வருது", "ஆமா, கொக்கு வெள்ளையா இருக்கு" என்று பேசிக்கொண்டு குளத்துக் கரைக்கு உட்பக்கம், உள்வாயில் நடந்தார்கள். மாசானம் நடுவில் பாடிக்கொண்டு போனார். எந்தப் பாட்டு என்று அவருக்கே தெரியாது, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது. பின்னால் வெயிலுமுத்து மட்டும் கம்பை ஊன்றிக்கொண்டு, முறைப்படி, மூக்கைச் சிந்திச் சிந்திப் போட்டான்.

கருவேல மரத்தடியில், சேற்று ஓரத்தில் ஒரு எருமை நின்றது. காலடியில் ஈரம் காயாத கன்று ஒன்று எழுந்திருக்கப் பார்த்துச் சரிந்துகொண்டிருந்தது. எருமை அதை நக்கிக்கொடுத்துக்கொண்டிருந்தது.

எல்லாரும் நின்றார்கள். மாசானம் முன்னால் வந்து பார்த்தார். அந்தக் கொம்பும் வாலும் அவருக்குத் தெரியாதா? ஆனாலும் அவசரப்பட்டு ஆசைப்படக்கூடாது என்று ஒருதடவை விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். முகம் விழுந்துவிட்டது.

"இது இல்ல" என்றார். "காணாமப் போனது ஒண்ணு. இங்க ரெண்டு நிக்குது."

"சரிதான்" என்றார் நாட்டாமை. "வேற யாருதோ. யாரோ பாவம், ரெண்டைத் தொலைச்சிட்டுத் தேடிக்கிட்டு இருப்பான்."

ஊர் மறுபடியும் உலாத்தத் தொடங்கியது. சுடலைவடிவு தலையில் அடித்துக்கொண்டு, "வெள்ளையம்மா" என்று ஒரு குரல் கொடுத்தாள். எருமை கனைத்துக்கொண்டு வந்து அவள் கையை நக்கியது. கன்று நாலு காலும் நாலு திசைக்குப் போக, பின்னாலேயே தட்டுத் தடுமாறி வந்தது. மாசானம் எருமையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். சந்தோஷ அழுகை முறையில் சேராது என்று இசக்கிப்பாண்டியே பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தார். பாடம் நடத்திய கவலையும் இதில் கழிந்தது என்று நாட்டாமை வழக்கைத் தள்ளிவிட்டார்.

கதை அங்கே முடிந்திருக்கவேண்டும். வெயிலுமுத்து விடவில்லை.

"எருமையை ஊருக்குள்ள கொண்டுவரக்கூடாது" என்று கம்பைக் குறுக்கே நீட்டினான். "பொழுது அடைய இன்னும் நேரம் இருக்கு. அதுவரைக்கும் என் முறை. இப்பத்தான் நல்லா வந்துக்கிட்டு இருக்கு. இப்பவே கிடைச்சா மிச்சக் கவலையை நான் எங்க கொண்டு கொட்ட?"

"சுடுகாட்டுக்குப் போயிரும்" என்றார் இசக்கிப்பாண்டி கவலையில்லாமல்.

முறை என்றால் முறைதான். எருமையையும் கன்றையும் ஊர் எல்லைக் கல்லுக்கு அந்தப்பக்கம் கட்டினார்கள். வெயிலுமுத்து எருமையின் விலாவில் சாய்ந்து உட்கார்ந்து, அது எங்கே போனதோ என்று பொழுது அடையும்வரை அழுதான். இடையில் கன்று அவன் காதைச் சப்பியபோது, "சும்மா இரு சனியனே, உங்கம்மாவைக் காணோம்" என்று அதட்டினான். சூரியன் இறங்கியதும் எழுந்து, கண்ணைத் துடைத்து, "கிடைச்சிட்டா" என்று அறிவித்தான். அதற்குப் பிறகுதான் வடிவு சீம்பால் கறந்தாள்.

எட்டு நாள் கழித்து மாசானத்தின் முறை வந்தது.

விடியுமுன்னே குளித்து, திருநீறு பூசி, கவலைக்கம்பை வாங்கிக் கட்டில் தலைமாட்டில் சாத்தினார். அதற்குள் மூன்றாகிவிட்ட துண்டுகளையும் மடியில் போட்டுக்கொண்டார். மொத்தம் நூற்றுப் பதினெட்டு முடிச்சு. அந்த மாதிரி ஒரு செல்வம் அவர் பரம்பரையில் யாருக்கும் சேர்ந்ததில்லை. முதல் முடிச்சை அவிழ்த்தார். அவிழ்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் துண்டையே பார்த்தார்.

"வடிவு, இது எதுக்குப் போட்டது?"

"எனக்கு எப்படித் தெரியும்? உங்க கவலைதானே."

இரண்டாவதை அவிழ்த்தார். அதுவும் ஞாபகம் வரவில்லை. முப்பதாவது முடிச்சு ரொம்ப இறுக்கமாக இருந்தது. பெரிய கவலையாகத்தான் இருந்திருக்கவேண்டும். பல்லால் கடித்து அவிழ்த்தார். உள்ளே துண்டுதான் இருந்தது. நாற்பத்தி ரெண்டாவதில் மட்டும் ஒரு கிராம்பு கிடைத்தது. அதை வாயில் போட்டுக்கொண்டார். நூற்றுப் பதினெட்டும் அவிழ்ந்தபோது மூன்று துண்டும் நீளமாக, சுருக்கம் சுருக்கமாகக் கட்டிலில் கிடந்தன. தொழுவத்தில் கன்று பால் குடிக்கிற சத்தம் கேட்டது. காற்று வந்தது. மாசானம் ஒரு துண்டைச் சுருட்டித் தலைக்கு வைத்தார், ஒன்றைப் போர்த்திக்கொண்டார். கலியாணமான நாளிலிருந்து வடிவு கேட்டிராத ஒரு சத்தம் அன்றைக்கு அந்த வீட்டில் கேட்டது. மனுஷன் குறட்டை விட்டார்.

இசக்கிப்பாண்டி ரோந்து வந்தவர் சன்னலில் பார்த்துப் பதறிப்போனார். ஊர்க்கவலை ஆளில்லாமல் கிடக்கிறது. அவர் ஓடிப்போய் நாட்டாமையிடம் சொல்ல, நாட்டாமை ஊரைக் கூட்ட, இருபத்திரண்டு வீட்டாரும் வந்து மாசானத்தின் கட்டிலைச் சுற்றிக் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்தார்கள். கவலையே படாமல் தூங்குகிறாரே, இந்த மனுஷனுக்கு என்ன ஆச்சோ, ஊருக்கு என்ன ஆகுமோ என்று எல்லாருக்கும் ஒரே கவலை. எழுப்பிவிடக்கூடாதே என்று மூச்சைக்கூட மெதுவாகத்தான் விட்டார்கள். எல்லார் வீட்டிலும் சோறு தீய்ந்தது.

தீய்ந்த வாசனையில் மாசானம் விழித்தார். சுற்றிப் பார்த்தார். "என் முறையில நீங்க ஏன்வே கவலைப்படுதீக?" என்றார்.

அப்போதுதான் அவர்களுக்கு உறைத்தது. இசக்கிப்பாண்டி எழுந்து ஒவ்வொரு நெற்றியாகத் தொட்டுப் பார்த்து எண்ணினார். இருபத்திரண்டு வீடும் களவு. கடைசியில் கண்ணாடி கேட்டு வாங்கித் தன் நெற்றியையும் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"இருபத்திரெண்டு பேருக்கும் முறை போச்சு" என்றார் நாட்டாமை, தன்னையும் சேர்த்து. "முறை வந்தும் மடையைத் தொறக்காமத் தூங்கினவனுக்கு?"

"அவனுக்கும் பறிதான்" என்றார் இசக்கிப்பாண்டி.

"அப்ப இனி ஊருக்குக் கவலைப்பட யாரு பாக்கி?"

வெகுநேரம் யோசித்தார்கள். இதுவரைக்கும் முறை தப்பி ஒருதடவைகூடக் கவலைப்படாத ஜீவன் ஊரில் ஒன்றுதான் இருந்தது. எல்லாரும் தொழுவத்துக்குப் போனார்கள். வெள்ளையம்மா கண்ணைப் பாதி மூடி, தலையைத் தொங்கப்போட்டு, அசை போட்டுக்கொண்டு நின்றாள்.

"முகத்தைப் பாருங்க" என்றான் வெயிலுமுத்து. "நான் ஒருநாள் பூராவும் முயற்சி பண்ணியும் எனக்கு இந்த முகம் வரல."

கவலைக்கம்பை அவள் கொம்பில் வைத்துக் கட்டினார்கள். அன்றிலிருந்து கோணமடையில் யாருக்கு என்ன வந்தாலும் தொழுவத்துக்குப் போய் அவள் காதில் சொல்லிவிட்டு வந்துவிடுவார்கள். அவள் அசை போடுவாள். மாசானத்துக்கு உடம்பு தேறி, கன்னத்தில் சதை போட்டுவிட்டது.

போன வாரம் என் தங்கச்சியைப் பார்க்கப் போயிருந்தேன். சுடலைவடிவு தெருவில் ஓடிவந்தாள். வெள்ளையம்மா கட்டை அறுத்துக்கொண்டு கம்போடு எங்கேயோ போய்விட்டாளாம். மாசானம் கட்டிலில் படுத்திருந்தார். "எருமையைக் காணோம், எழுந்திரிங்க" என்று அவள் உலுக்கினாள்.

"நீ ஏன் வடிவு பதறுத?" என்று அவர் அந்தப்பக்கம் திரும்பிப் படுத்தார். "காணாமப் போனதைப் பத்தி வெள்ளையம்மாவே கவலைப்பட்டுக்கிடுவா. கம்பு அவகிட்டதானே இருக்கு."